புவனாவின் விண்ணப்பம் போன மார்கழி

மார்கழி 1, செவ்வாய்

மலையுச்சியில் மேகமாய் நின்று, பள்ளத்தில் ஊற்றாய்ப் பிறக்கும் தாயே, மாரியே, காப்பு. எழுதும் கை நடுங்குவது குளிரால் மட்டுமாய் இருக்கட்டும். பொய் எழுத விடாதே. பெருமை எழுதப் புகுந்தால் பேனாவில் மை வற்றட்டும்.

கடுங்குளிர். மலையூற்று கொட்டும் பீலித் தண்ணீர் விரலைக் கடித்தது. மூடுபனியில் கோயில் கோபுரம் மறைந்துவிட்டது. மணியோசை மட்டும் வந்தது. எதிரே சிவனொளிபாதமலையின் விளக்கு வரிசை ஒரு கணம் தெரிந்தது, பின் அதுவும் இல்லை. பஜனை முதல் நாள். தேயிலைத் தோட்டத்தின் வரிசை வீடுகளான மூன்று லயங்களையும் சுற்றி வந்தோம். கூட்டம் பரவாயில்லை. கஞ்சிராவின் தோல் தளர்ந்து கிடக்கிறது.

வாங்க வேண்டியவை: கற்பூரம், நல்லெண்ணெய், மைக்குக்கு வயர், பார்வதிக்கு இருமல் மருந்து.

வீடு திரும்பினால் அடுப்படியில் மருமகள் புவனா, மடிக்கணினியை அரிசிப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு. பள்ளி விடுமுறை. ஹட்டனில் உயர்தர வகுப்புக்குப் பொருளியல் கற்பிப்பவள். என் மகன் கொழும்பில் ஒரு ஹோட்டல் சமையலறையில், இவள் எங்களோடு.

"மாமா, ஒங்களுக்கும் அத்தைக்கும் ஒன்னு சொல்லணும்."

என் மனைவி பார்வதியின் முகம் மலர்ந்தது. அவள் எதிர்பார்த்த செய்தி வேறு. இது வேறு. கலாநிதி ஆய்வுப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கிறாளாம், பொருளியலில். வட அமெரிக்காவில், கடல்போல் ஒரு ஏரியின் கரையில் அப்பல்கலைக்கழகம். இடம் கிடைத்தால் ஐந்தாண்டு, சிலருக்கு ஆறு. விண்ணப்பம் அடுத்த வாரம் புதனுக்குள் போய்ச் சேர வேண்டும்.

"அவ்வளவு தூரம் போயி, கட்டணம் யாரு கட்டுறது?" என்றாள் பார்வதி.

"கட்டணம் இல்லங்கத்த. அவங்கதான் நமக்குத் தருவாங்க."

"படிக்கிறதுக்கா?"

"ஆமாங்கத்த."

"அப்ப இவரு இத்தன வருஷமா சும்மாதான் படிச்சாரா!"

என்னைத்தான். சிரித்தோம். மகனுக்கு முன்பே தெரியுமாம். தொலைபேசியில் கேட்டேன். "போகட்டும்பா. அங்கயும் மனுசன் சாப்புடத்தான செய்வான், நான் பின்னாலயே கரண்டியோட போயிருவேன்" என்றான்.

அவர்கள் கேட்பவை: பரீட்சைப் புள்ளிகள், மூன்று ஆசான்களின் சிபாரிசு, ஒரு கட்டுரை. கட்டுரையில் எழுத வேண்டியது, நீ அறிய விரும்புவது யாது, ஏன். இவ்விடத்தில் என் மனம் நின்றுவிட்டது. அறுபத்தொன்பது வயதில் எத்தனையோ பரீட்சைகள் எழுதினேன், வாத்தியாராய் எழுதுவித்தேன். உனக்குத் தெரிந்தது யாது என்றே எங்கும் கேட்டார்கள். உனக்குத் தெரியாதது யாது என்று கேட்டு, அதற்கு இடமும் சோறும் தரும் சபை ஒன்று பூமியில் இருக்கிறது. இன்று முழுவதும் அந்த நினைவு.


மார்கழி 2, புதன்

மழைத் தூறல். வயர் வாங்கியாயிற்று.

நேற்று மாலை புவனாவிடம் ஒன்று சொல்லியிருந்தேன்: பெரிய சபைக்கு நூல் கொண்டு செல்பவன் முதலில் அவையடக்கம் பாடுவான், கட்டுரையின் தொடக்கத்தில் உன் சிறுமையைச் சொல். பிள்ளையும் சொல்கேட்டு எழுதிவிட்டாள். கண்டியில் இருக்கும் அவளுடைய விரிவுரையாளர் அதைப் படித்துவிட்டுக் காலையில் தொலைபேசியில் அழைத்தார்.

"என்ன புவனா, மொதல் பந்தி முழுக்க மன்னிப்புக் கேட்டிருக்கீங்க? தகுதி இல்லன்னு நீங்களே சொன்னா அவங்க நம்பிருவாங்க. வெட்டுங்க."

வெட்டிவிட்டாள். எனக்குச் சற்று வலி, பின் தெளிந்தேன். அந்நாட்டுச் சபைக்கு அந்நாட்டு முறை.

மாலை, கட்டுரையைத் தமிழாக்கிச் சொன்னாள். நானும் பார்வதியும் கேட்டோம்.

பொருள் இதுதான். கொழுந்தெடுக்கும் பெண், நிர்ணயித்த நிறையை எட்டினால் அன்றைக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் சம்பளம். எட்டாவிட்டால் அரைப் பேர். ஒருத்திக்குக் காய்ச்சல், ஒருத்திக்குக் கை வலி, நிறை குறையும். அப்போது தராசுக்குப் போகும் வழியில் மற்றவர்கள் தத்தம் பையிலிருந்து பிடி பிடியாய் அவள் பையில் போட்டுவிடுவார்கள். போடுகிறவளுக்கு நட்டம்: நிறைக்கு மேல் எடுக்கும் கிலோவுக்கு அவளுக்குத் தனிக் காசு உண்டு. தோட்டத்துக்கும் நட்டம்: அரைப் பேர் கொடுக்க வேண்டியவளுக்கு முழுப் பேர் கொடுக்கிறது. ஆகையால் அது விலக்கப்பட்ட செயல்.

"இதுல என்னா புதுசு?" என்றாள் பார்வதி. முப்பது ஆண்டு கொழுந்தெடுத்தவள். "நானுந்தான் போட்டேன். எனக்கும் போட்டாங்க. இத எழுதவா அமெரிக்காவுக்குப் போகணும்?"

"நாளைக்கு எனக்குப் போடுவான்னு இன்னைக்குப் போடுறது ஒரு மாதிரி அத்த. அதப்பத்தி நெறைய எழுதிட்டாங்க. ராக்கம்மாக்கா? அவங்களுக்கு ஒருநாளும் கொறைஞ்சதே இல்ல. யாரும் திருப்பிக் குடுத்ததும் இல்ல. அவங்க ஏன் போடுறாங்க?"

பார்வதி கையை விரித்தாள். "அது... அவ அப்பிடித்தான்."

"அதத்தாங்கத்த அஞ்சு வருஷம் படிக்கணும்."

கடதாசியில் அதையே கணக்கு மொழியில் எழுதிக் காட்டினாள். கிரேக்க எழுத்துகள், ஒரு எழுத்து ராக்கம்மாவாம், ஒரு எழுத்து பை குறைந்தவளாம். யந்திரத் தகட்டைப் பார்ப்பதுபோல் பார்த்தேன். எங்கள் மலையில் சேற்றுக் காலோடு நடப்பவள், அக்கரையில் அறிஞர் விளங்கிக்கொள்ளும் எழுத்தாய் அங்கே நின்றாள். தாயே.

தோட்டத்தின் பெயர் எழுதவில்லை, ஆட்கள் பெயரும் இல்லை என்றாள். சரி.


மார்கழி 4, வெள்ளி

காலை. பனி விலகி வெயில். நேற்று எழுதவில்லை; கஞ்சிராவைத் தீயில் காட்டி, தோல் கருகி, நாள் வீண்.

இன்றைய பொங்கல் உபயம் கண்டாக்கு ஐயாவின் குடும்பத்தார். வெளிக்கள உத்தியோகத்தர், தராசுப் பொறுப்பு அவருடையது. மனைவியோடு குளித்து, வெள்ளை உடுத்து, விடியுமுன் வந்துவிட்டார். பஜனை முடிந்து, வழக்கம்போல் மைக்கில் நான் சில சொற்கள். ஈகை பற்றிச் சொல்லத் தொடங்கினேன். சொல்லச் சொல்ல நெஞ்சு நிறைந்தது.

மாலை.

எழுதக் கை வரவில்லை. எழுதவே வேண்டும்.

ஈகைக்குச் சான்று தேடி நான் புராணத்துக்குப் போகவில்லை. "எங்கும் போக வேண்டாம், இந்த மலையிலேயே பாருங்கள்" என்றேன். கை முறிந்து கட்டவிழ்த்த கொழுந்துக்காரி மாரியாயியின் பையில் தினமும் பிடி பிடியாய்க் கொழுந்து விழுகிறதே, போடும் கைகளை வணங்குகிறேன் என்றேன். மைக்கில். ஒலிபெருக்கி நான்கு திசைக்கும். கண்டாக்கு ஐயா முதல் வரிசையில்.

சொல்லி முடித்துத்தான் பார்வதியின் முகத்தைப் பார்த்தேன். ராக்கம்மா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பொங்கல் வாங்காமல் இறங்கிப் போனாள். கண்டாக்கு ஐயா கைகூப்பியபடி கண்ணை மூடியிருந்தார். பக்தி என்று எண்ணினேன்.

மாலை நிறுவையில் புதுக் கட்டளை. ஒருத்தி பையை ஒருத்தி தொடக் கூடாது. தராசுக்கு ஒவ்வொருவராய், இடைவெளி விட்டு. கண்டாக்கு ஐயா தாமே தராசருகில், விழியெடுக்காமல். மாரியாயிக்கு அரைப் பேர்.

பார்வதி வந்து சொன்னாள்.  சோற்றைப் போட்டுவிட்டு முதுகு காட்டி உட்கார்ந்தாள்.

புவனாதான்: "மாமா, நீங்க சொன்னது நெசந்தான். நெசத்த மைக்கில சொல்லிட்டீங்க."


மார்கழி 5, சனி

மழை. பஜனைக்குப் பெண்கள் பாதிக்கு மேல் வரவில்லை.

மாரியாயிக்கு இன்றும் அரைப் பேர். ராக்கம்மா வேலை முடிந்து நேரே வந்தாள், சேலைமேல் கட்டிய நனைந்த படங்குச் சாக்கோடு. படியேறவில்லை.

"வாத்தியாரய்யா, எங்களப் புகழச் சொல்லி ஒங்களக் கேட்டமா?"

"இல்லம்மா."

"சாமிக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும். நடுவுல மைக்கு எதுக்கு?"

 அவள் புவனாவின் பக்கம் திரும்பினாள்.

"நீயும் எழுதுறியாமே புள்ள. பார்வதிக்கா சொல்லிச்சு. ஒன் மாமா சொன்னது இந்த மலையோட போச்சு. நீ எழுதுனா ஊரு ஒலகமெல்லாம் போகும். இந்தத் தோட்டத்துல மட்டுமா போடுறோம்? பொகவந்தலாவையில எந்தங்கச்சி இருக்கா. அவளும் போடுவா. அங்கயும் தராசுகிட்ட ஆளு வந்து நிக்கவா?"

"பேர் ஒன்னும் போடலக்கா."

"பேரு போடாட்டி என்னா? வெள்ளக்காரனுக்கு ஒரு தோட்டந்தான். எல்லாமே தேயிலதான்."

போய்விட்டாள். புவனா வாசலில் நெடுநேரம் நின்றாள். பின் உள்ளே வந்து மடிக்கணினியைத் திறந்து, கட்டுரையைத் தேர்ந்து, ஒரே விசையில் அழித்தாள். அழிவது அத்தனை ஓசையின்றி நிகழும் என்று நான் எண்ணியதில்லை.

"வேற எழுதுவியாம்மா?"

"எழுத ஒன்னும் இல்ல மாமா. எனக்குள்ள இருந்த கேள்வி அது ஒன்னுதான்."

தாயே, உன் சந்நிதியில் உன் மக்களைப் புகழ்ந்தேன். புகழ்ச்சியே அவர்கள் கையைக் கட்டிற்று. ஒரு பெண்ணின் கல்வியையும் கட்டிற்று. இது எவ்வாறு என்று எனக்கு விளங்கவில்லை.


மார்கழி 6, ஞாயிறு

வேலையில்லா நாள். வெயில். இருமல் மருந்து வாங்க மறந்து, பார்வதியே கற்பூரவல்லி அவித்துக் குடித்தாள்.

முற்பகல், கண்டாக்கு ஐயாவின் குவாட்டர்சுக்குப் போனேன். வாசலில் கரட் பாத்திக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தார். எழுந்து கை கழுவி வந்தார்.

"வாங்க மாஸ்டர். வருவீங்கன்னு தெரியும்."

நான் சொல்ல வந்ததைத் தொடங்கினேன்: குற்றம் என்னுடையது, அந்தப் பெண்களை விட்டுவிடுங்கள், நான் சொல்லாமல், நீங்கள் அறியாமல் இருந்திருந்தால்...

அவர் சிரித்தார். மகிழ்ச்சிச் சிரிப்பு அல்ல.

"எனக்குத் தெரியாதுன்னா நெனச்சீங்க?"

"தெரியுமா ஐயா?"

"இந்தத் தோட்டத்துக்கு வந்த வாரமே தெரியும். அவங்க கொழுந்த மாத்துற நேரம் நான் சட்டப் பைக்குள்ள பேனா தேடுவேன் மாஸ்டர். பேனா கையிலதான் இருக்கும்."

வாசற்படியில் உட்கார்ந்து அவரே தொடர்ந்தார்.

"இப்ப எப்பிடித் தேடுறது? மேனேஜர் தொரை பங்களாவுல தேத்தண்ணி குடிச்சுக்கிட்டே ஒங்க மைக்கக் கேட்டிருக்காரு. சிங்களவருதான், ஆனா தமிழ் நல்லா வெளங்கும். கூப்புட்டு, 'மாஸ்டர் சொல்றது உண்மையா'ன்னாரு. நான் என்னா சொல்ல? இல்லன்னா நீங்க கோயில்ல பொய் சொன்னதா ஆகும். ஆமான்னா எனக்கு இத்தன நாளாக் கண்ணு தெரியலன்னு ஆகும். இன்னைக்குத்தான் எனக்கும் தெரியும் சேர்ன்னு சொன்னேன்."

"பொய் சொல்ல வைத்துவிட்டேனே."

"பழகிருச்சு" என்றார். பின்பு, "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?"

குடித்தேன். அவர் மனைவி தந்த சீனிப் பணியாரத்தின் சுவை நாவில் ஏறவில்லை. திரும்பும் வழியெல்லாம் தேயிலை நிரைகளைப் பார்த்துக்கொண்டே வந்தேன். பெண்கள் கொடுத்தார்கள், நான் அறிந்தேன். கணக்கு எழுத வேண்டியவர் கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தார், நான் அறியவில்லை. வெள்ளியன்று சந்நிதியில் அவர் கண்ணை மூடியிருந்தது பக்தியால் அல்ல. அல்லது அதுவே பக்தி. கல்லில் மறைந்திருக்கிறாய் என்று ஆயிரம் முறை பாடியிருக்கிறேன் தாயே. சட்டைப் பையில் பேனா தேடும் கையில் நீ மறைந்திருப்பாய் என்று யார் எனக்குச் சொன்னார்?

புவனாவிடம் சொன்னேன். அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டாள்.

"அவர நான் கணக்குலயே சேக்கல மாமா."

"சேர்த்து எழுதேன் அம்மா."

"எழுதுனா அவரு வேலையே போயிரும்."

கடதாசியை எடுத்தாள். ஏதோ எழுதினாள், அடித்தாள். ஆனால் எடுத்தாள்.


மார்கழி 7, திங்கள்

விடியலில் பனி. புல்லெல்லாம் வெண்மை. பஜனை முடித்து, கோயில் மேட்டில் நானும் புவனாவும் நின்றிருந்தோம். கீழே பெரட்டுக் களம். காலையில் ஆள் கூடி வேலை பிரிக்கும் இடம்.

இன்றைக்குக் கொழுந்தெடுக்கும் இடம் ஓடை மலை. அங்கே எல்லா நிரையும் ஒன்றல்ல. ஓடையோரத்து நிரைகளில் கொழுந்து மதர்த்துக் கிடக்கும். மேலே பாறையடியில் கிழட்டுச் செடிகள், இடையிடையே வெற்றிடம். யார் எந்த நிரை என்பதற்குத் தனிக் கட்டளை கிடையாது. மலையின் வாயிலில் வரிசையாய் நிற்பார்கள். நின்ற ஒழுங்கில் கங்காணி நிரை பிரிப்பார்.

பெண்கள் மலை வாயிலுக்கு ஏறுவதைப் பார்த்தோம். ராக்கம்மா எப்போதும் முன்னால் போகிறவள். இன்று செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்தாள். அவளைக் கடந்து நான்கைந்து பேர் போனார்கள். ஒருத்தி பையின் கயிற்றை இறுக்க நின்றாள். ஒருத்தி மறந்துவிட்ட எதையோ எடுக்கத் திரும்பினாள். வரிசை அமைந்தபோது, ஓடையோரத்து முதல் நிரைக்கு நேரே மாரியாயி நின்றாள். ராக்கம்மா பாறையடியில், கிழட்டுச் செடிகளுக்கு முன்.

யாரும் யாரோடும் பேசியதை நான் பார்க்கவில்லை. கங்காணி வரிசையை மேலும் கீழும் பார்த்தார். தொண்டையைச் செருமினார். பிரித்துவிட்டார்.

புவனா என் கையைப் பற்றிக்கொண்டாள். "மாமா, பாத்தீங்களா?"

"பார்த்தேன்."

"யாரு சொல்லி வச்சது?"

"தெரியவில்லை அம்மா."

மாலை, தராசில் மாரியாயிக்கு முழுப் பேர். தன் கையால் எடுத்த கொழுந்து. எவர் பையும் எவர் பையைத் தொடவில்லை. கட்டளை எதுவும் மீறப்படவில்லை. ராக்கம்மா வாழ்நாளில் முதன்முறையாய் நிறைக்குச் சற்றே மேல், அவ்வளவுதான். கண்டாக்கு ஐயா இமையாமல் பார்த்துக்கொண்டே எழுதினாராம்.

பார்வதியிடம் கேட்டேன், முன்பும் இப்படி உண்டா என்று.

"எனக்கென்னா தெரியும்?" என்றாள். முகத்தில் ஒரு அசைவும் இல்லை. நாற்பதாண்டு இவளோடு வாழ்கிறேன்.

இதை இங்கும் எழுதியிருக்கலாகாதோ? எவரும் படியாத ஏடு. ஆயினும், நாளையே பரணில் போட்டுவிடுவது நலம்.

நீரைத் தடுத்தால் வேறு வழியில் இறங்கும் என்பது கண்ணால் காணக்கூடியது. அன்பு அவ்வாறு இறங்குவதை இன்று கண்டேன்.  


மார்கழி 8, செவ்வாய்

மேகம். மழை இல்லை. விண்ணப்பத்துக்கு ஒரு நாளே மீதி.

புவனா அதிகாலையிலிருந்து எழுதினாள். பிற்பகல் விரிவுரையாளருக்கு அனுப்பினாள். அவர் அழைத்தார். நான் பக்கத்தில் திருநீறு சலித்துக்கொண்டிருந்தேன்.

"புவனா, போன வாரம் அனுப்பினதுல ஒரு நல்ல உதாரணம் இருந்திச்சே. அத எடுத்துட்டா கட்டுரை மெலிஞ்சுபோகுமே. ஒலகம் முழுக்க இருந்து போட்டி போடுறாங்க."

"தெரியும் சேர்."

"ஒரு பந்தியாவது போடுங்களேன். யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும் சேர். மெலிஞ்சே போகட்டும்."

 "சரி. என்னோட சிபாரிசு ஏற்கனவே போயிருச்சு. அத மாத்த மாட்டேன்" என்றார். நல்ல மனிதர்.

மாலை, வேலை முடிந்த நேரம், புவனா பீலிக்குப் போனாள். அங்கேதான் எல்லாரும் கை கால் கழுவ வருவார்கள். நான் தூரத்தில், கல்லில். ராக்கம்மா, மாரியாயி, இன்னும் சிலர். எழுதியதைத் தமிழில் சொன்னாள். நினைவிலிருந்து இங்கே:

"நான் வாழும் இடத்தில், குறைந்தவளின் குறையை மற்றவர்கள் நிரப்புகிறார்கள். எப்படி என்று இக்கட்டுரையில் சொல்லமாட்டேன். அது வெளியே சொல்லப்பட்ட நாளிலேயே நின்றுபோனதைப் பார்த்தேன். காண்பவர்கள் காணாதிருப்பதும் அதன் ஒரு பகுதி என்பதையும் பார்த்தேன். கண்டு சொன்னால் அழிந்துவிடும் ஒன்றை, அழிக்காமல் எப்படி ஆராய்வது? எனக்குத் தெரியாது. அதைக் கற்க விரும்புகிறேன்."

பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. ராக்கம்மா முழங்கைவரை சோப்பு நுரையோடு நின்றாள்.

"இதுல எங்க மூஞ்சி இல்ல" என்றாள்.

"இல்லக்கா."

"என்னா செய்றோம்னும் இல்ல."

"இல்லக்கா."

"அப்ப இதுக்கா அவங்க ஒனக்குப் படிப்புக் குடுக்கப் போறாங்க? ஒன்னுமே சொல்லாததுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். புவனாவும். "தெரியாதுக்கா. குடுக்காட்டியும் பரவால்ல."

மாரியாயி வலக்கையை இடக்கையால் நீவிக்கொண்டே சொன்னாள்: "குடுத்தா போயிப் படிச்சுட்டு வா தாயி. வந்து எங்களக் கேளு. அப்ப நாங்களே பேசி, சொல்லலாம்னா சொல்றோம். சொல்லலன்னா கோவிக்கக் கூடாது."

"கோவிக்க மாட்டேன்."

"அனுப்பு" என்றாள் ராக்கம்மா. என்னை நோக்கித் தலையை மட்டும் திருப்பினாள். "வாத்தியாரய்யா, நாளைக்குப் பஜனைக்கு வாறோம். பொங்கலுக்கு மிந்திரி போடச் சொல்லுங்க, போன தடவ இல்ல."

மன்னிப்பு என்று அவள் சொல்லவில்லை. முந்திரி என்றாள். போடச் சொல்லிவிட்டேன்.


மார்கழி 9, புதன்

காலை பஜனைக்குக் கூட்டம் நிறைந்தது. முந்திரி போட்டார்கள்.

தோட்டத்தில் இணைய இணைப்பு ஒத்துழைக்கவில்லை. மேகம் மலையில் படுத்துவிட்டது. புவனாவோடு நானும் மஸ்கெலியா பஸ்ஸில். யாத்திரைக் கூட்டம், நிற்க இடமில்லை. வெள்ளை உடுத்த சிங்கள மூதாட்டி ஒருவர் புவனாவின் மடிக்கணினிப் பையைத் தம் மடியில் வாங்கி வைத்துக்கொண்டார், இறங்கும்வரை.

பஜாரில் கொமியூனிகேஷன் கடை வைத்திருக்கும் முஸ்லிம் நண்பர் நானாவிடம் போனோம். போட்டோப் பிரதி, தொலைபேசி அட்டை, கடவுச்சீட்டுப் படம், எல்லாம் அவரிடம்தான்.

"வாங்க டீச்சர். வாங்க மாஸ்டர், இந்தப் பக்கம் உக்காருங்க. என்னா அவசரம்?"

விவரம் சொன்னாள். நானா தம் கணினியில் ஓடிக்கொண்டிருந்த கிரிக்கெட்டை நிறுத்திவிட்டு, இணைப்பு முழுவதையும் எங்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

புள்ளிகள் ஏறின. சான்றிதழ்கள் ஏறின. கட்டுரை ஏறியது. கடைசியில் திரையில் ஒரு வாசகம்: இதற்குமேல் திருத்த இயலாது, உறுதியா? புவனாவின் விரல் நின்றது.

"மாமா, நீங்க அமுத்துறீங்களா? ஒங்க கையால."

"கேள்வி உன்னுடையது அம்மா. விரலும் உன்னுடையதாகட்டும்."

"அமத்துங்க டீச்சர்" என்றார் நானா, "கரண்ட் போற நேரம்."

அழுத்தினாள். திரையில் ஒரு சிறு சக்கரம் சுழன்றது. சுழன்றது. பின் விண்ணப்பம் கிடைத்தது என்று வந்தது. அவ்வளவே. கடலும் பாலையும் கண்டங்களும் இடையில். ஓர் இமைப்பொழுதில் போய்ச் சேர்ந்தது. சந்நிதியில் நாம் வைக்கும் விண்ணப்பமும் இவ்வாறே போய்ச் சேர்கிறது போலும். அங்கே சக்கரம் சுழல்வது நமக்குத் தெரிவதில்லை.

"போயிட்டா?" என்றார் நானா.

"போயிருச்சு நானா."

"கெடைக்குமா?"

"தெரியாது நானா. தெரிய மாசிக்கு மேல ஆகும்."

பிரதிக்கு மட்டும் காசு வாங்கினார். வெளியே நீர்த்தேக்கத்தின் மேல் மேகம் பிளந்து, நெடுநேரம் கழித்து வெயில். புவனா அதை நிமிர்ந்து பார்த்தாள். பின் சிரித்தாள். பசிக்கிறது என்றாள். ரொட்டியும் காரமான கட்டைச் சம்பலும் சாப்பிட்டோம்.

வீடு வந்து எழுதுகிறேன்.

அக்கரையில் இக்கட்டுரையை எடுத்துப் படிக்கப் போகும் ஆன்றோரே, உங்கள் பெயர் அறியேன், மொழி அறியேன். ஒரு பெண் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துப் படிக்கும் கண் உங்களுக்கு வாய்க்கட்டும். அவளை ஏற்பினும் மறுப்பினும், உங்கள் அடுப்பு அணையாதிருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் நோயின்றி வளரட்டும். உங்கள் பை குறையும் நாளில், நீங்கள் அறியாமலே பக்கத்தில் ஒரு கை நீளட்டும்.